பத்து வயசானா பெரியவன், ஒன்பதுன்னா நக்கெட்ஸ்

ஏப்ரல் பிறந்தால் போதும், இந்த சார்லட் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். "லீவுக்கு டிஸ்னி வேர்ல்டு போறோம் சார், மீல் பிளான் போட்டுடலாமா?" நான் பேங்க்கில் குப்பை கொட்டுவதால் கணக்குன்னு பேர் வச்ச எல்லாக் கேள்வியும் என் தலையில்தான் வந்து விழும். பி.காம். படிச்ச பாவம், வேறென்ன!

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்திலிருப்பவர் முந்திக்கொள்வார். "கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க. முன்னாடியே கட்டிட்டா அங்க ஒவ்வொரு வேளையும் பர்ஸைத் திறக்க வேண்டாம். நிம்மதி." இந்த 'நிம்மதி'யைத்தான் இன்றைக்கு ஒரு கை பார்க்கப் போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை வைத்தாலும் "இது என்னப்பா, நானும் ஒரு வாய்" என்று கேட்கிற குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் குழந்தைக்கு மீல் பிளான் வாங்காதீர்கள். இதில் காசு நஷ்டம் சின்னது. பெரிய நஷ்டம் வேற இடத்தில் இருக்கிறது. சின்னதை முதலில் முடித்துவிடுவோம்.

கொரோனாவில் 2020-ல் நிறுத்தின சாப்பாட்டுத் திட்டத்தை டிஸ்னி வேர்ல்டு 2024 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு வகை. ஒன்று கவுண்டரில் வாங்கிச் சாப்பிடுவது: ஓர் இரவுக்கு இரண்டு சாப்பாடு, ஒரு நொறுக்குத் தீனி. இன்னொன்றில் ஒரு வேளை கவுண்டர், ஒரு வேளை உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடுவது, ஒரு நொறுக்குத் தீனி. ரெண்டிலும் ஹோட்டலில் நிரப்பிக்கொள்ள ஒரு குவளை உண்டு. 2024-ல் முதல் வகைக்குப் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83. இரண்டாம் வகைக்கு 94.28, 29.69. அதற்கப்புறம் விலை ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கின் எலும்புக்கூடு அதேதான்.

இங்கே குழந்தை என்றால் மூன்றிலிருந்து ஒன்பது வயது. பத்தாவது பிறந்தநாள் கேக் வெட்டியாச்சு என்றால் உங்க பையன் பெரியவர். ஓட்டுப் போட முடியாது, வண்டி ஓட்ட முடியாது, ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் மேஜர் :-)

அப்பா, அம்மா, பதினொன்றில் ஒன்று, ஏழில் ஒன்று என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கவுண்டர் திட்டத்தில் ஓர் இரவுக்கு 194.86 டாலர். ஐந்து இரவுக்கு 974.30. உட்கார்ந்து சாப்பிடும் திட்டம் என்றால் ஐந்து இரவுக்கு 1,562.65, பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் தனி. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு என்று பிரித்தும் வாங்க முடியாது. ஒரே பதிவில் தங்குகிற மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே திட்டத்தில்தான் சேரணும்.

இந்த விலைக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது? 21 வயதானவர்கள் சாப்பாட்டோடு ஒரு பீரோ ஒயினோ எடுத்துக்கொள்ளலாம். ஆக, குடிக்காத அப்பாவும் அம்மாவும் குடிக்கிறவருக்கான விலையைக் கட்டுகிறார்கள். பதினொரு வயதுப் பையனும் அதே விலையைக் கட்டுகிறான், குடிக்க அனுமதியே இல்லாமல்! அடுத்தது, திட்டத்தில் மாட்டிறைச்சி ஸ்டேக்கும் காய்கறித் தட்டும் ஒரே ஒரு கூப்பனுக்குச் சமம். வாங்கின காசுக்கு மதிப்பு வரணும்னா இருப்பதிலேயே விலை கூடினதைச் சாப்பிடணும். சைவக் குடும்பங்கள் பக்கத்து மேஜைக்காரரின் ஸ்டேக்குக்கு மொய் எழுதிவிட்டு வருகின்றன.

மூன்றாவதுதான் எங்கள் தொழில் ரகசியம். மிச்சமாகும் கூப்பன்கள் ஹோட்டலைக் காலி பண்ணும் நாள் நள்ளிரவோடு செத்துப்போகும். முன்பணம் வாங்கி, வாடிக்கையாளர் வந்து கேட்காமலே விட்டுவிடும் பாக்கிக்குக் கணக்கியலில் 'பிரேக்கேஜ்' என்று பேர். கிஃப்ட் கார்டு விற்கிற அத்தனை பேரும் இதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். கடைசி ராத்திரி மிட்டாய்க் கடையில் கூடை கூடையாக அள்ளுகிற அப்பாக்களைப் பாருங்கள். பசி அவர்களை அங்கே அனுப்பவில்லை, கட்டின காசு அனுப்பியிருக்கிறது. கட்டின காசு போன காசு, அதை நினைச்சு அடுத்த முடிவை எடுக்காதே என்பதுதான் எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று.

"அட, 2026-ல் குழந்தைகளுக்கு இலவசம்னு அறிவிச்சிருக்காங்களே!" என்பீர்கள். அறிவித்தார்கள்தான். பெரியவர்கள் ஹோட்டல், டிக்கெட், சாப்பாட்டுத் திட்டம் மூன்றையும் சேர்த்து வாங்கினால், 3 முதல் 9 வயதுக்கு இலவசம். ஆனால் எது இலவசம்? அங்கேதான் நான் சொன்ன பெரிய நஷ்டம் இருக்கிறது.

திட்டத்தின் விதி இது: குழந்தைகளுக்கான மெனு இருக்கும் கடையில் 3 முதல் 9 வயதுக்காரர்கள் அதிலிருந்துதான் கேட்கணும். எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளுக்கு அரங்கம் வைத்திருக்கிறார்கள். மெக்சிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ என்று ஒரு சுற்று வந்தால் உலகத்தின் பாதி அடுப்பு வாசனை மூக்கில் ஏறும். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஏழு வயதுப் பெண்ணின் கையில் கொடுக்கப்படுவது தனிச் சீட்டு. அம்மாவும் அப்பாவும் ஊர் ஊராய் ருசி பார்ப்பார்கள், அந்தப் பெண் தனக்கு ஒதுக்கின நாலு அயிட்டத்துக்குள் நிற்கணும். அமெரிக்கா முழுக்க அந்த நாலு அயிட்டம் என்ன என்று உங்களுக்கே தெரியும்: நக்கெட்ஸ், சீஸ் போட்ட மக்ரோனி, பர்கர், பீட்சா.

இந்தத் தனிச் சீட்டு எங்கிருந்து வந்தது? இயற்கை விதி ஒன்றும் இல்லை. 1894-ல் எம்மெட் ஹோல்ட் என்ற நியூயார்க் குழந்தை மருத்துவர் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எழுதினார். அதன்படி சின்னதுகளுக்கு ருசியான பண்டம் ஆகாது, வேகவைத்த சப்பைச் சாப்பாடுதான் நல்லது. அதன்பின் 1920-ல் மதுவிலக்கு வந்தது. சாராய வருமானம் போன ஹோட்டல்காரர்கள் புது வாடிக்கையாளரைத் தேடினார்கள், குழந்தைகள் அகப்பட்டார்கள். 1921-ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் குழந்தைகளுக்குத் தனி மெனு போட்டது. அதாவது பழைய வைத்தியர் ஒருத்தரின் பயமும் கல்லாப்பெட்டியின் ஓட்டையும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. சப்பையாக இருந்தது பிறகு எண்ணெயில் பொரிந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கேரட் சாறு கொடுத்துப் பார்த்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தாய்மாரின் குழந்தைகள் கேரட் ருசி கலந்த கஞ்சியை மற்றக் குழந்தைகளைவிட விருப்பமாகச் சாப்பிட்டன. தாய் தின்னதன் ருசி கருவிலேயே போய்ச் சேர்கிறது. அப்படிப் பார்த்தால் நம்ம பிள்ளைகள் மிளகும் பூண்டும் சீரகமும் ருசி பார்த்த பிறகுதான் பூமிக்கே வருகின்றன! அதுக்கு மேல், ஒரு புது உணவைப் பத்துத் தடவைக்கு மேல் வைத்த பிறகே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றன என்பதும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டதுதான். நாம் இரண்டாம் தடவையே "அவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி விடுகிறோம்.

நியாயத்தையும் சொல்லணும். 2006-ல் டிஸ்னியே ஒரு நல்ல காரியம் செய்தது. குழந்தைச் சாப்பாட்டோடு பொரித்த உருளையும் சோடாவும் வருவதை மாற்றி, கேட்காமலே பழமோ காயோ பாலோ வரும்படி வைத்தது. வேண்டுமென்றால் பழையதைக் கேட்டு வாங்கலாம். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், ஏறக்குறையப் பாதிப் பேர் பழம், காயோடும், மூன்றில் இரண்டு பேர் கொடுத்த பானத்தோடும் மாற்றாமல் போயிருந்தார்கள். இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: முன்னால் எது வைக்கப்படுகிறதோ அதுவே குழந்தையின் சாப்பாடு ஆகிறது. பழத்துக்குப் பொருந்துகிற விதி நக்கெட்ஸுக்கும் பொருந்தும்.

கூட்டம் அதிகம், ஆயிரக்கணக்கான குழந்தைகள், தனி மெனு இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் திருமலைக்கு வந்து பாருங்கள். 1985-ல் ஆரம்பித்த அன்னதானம் இன்றும் நடக்கிறது. வரிசையில் நின்று களைத்துப் போவதில் திருமலையும் தீம் பார்க்கும் அண்ணன் தம்பி. வெங்கமாம்பா அன்னப்பிரசாத மண்டபத்தில் தாத்தாவுக்குப் போடும் சாம்பார்தான் பேரனுக்கும். மூன்று வயசு ரசத்தில் கையை விட்டு அளைகிறது, மூக்கை உறிஞ்சுகிறது, சாப்பிட்டு எழுந்து போகிறது. "வயசு என்ன?" என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நம்ம ஆட்களிடம் வருகிறேன். விருந்துக்குப் போனால், "எங்க பையன் நம்ம சாப்பாடே தொட மாட்டான் சார், நக்கெட்ஸ்தான்" என்று சொல்கிறார்கள். குறை மாதிரி ஆரம்பித்துப் பெருமையாக முடிகிற வாக்கியம் அது. கவனித்திருக்கிறீர்களா?

எனக்குச் சொந்த ஊர் வரதய்யபாளையம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. ராகிக் களியும் கோங்கூராத் துவையலும் ஒரு வேளை, பழவேற்காட்டு இறால் வந்தால் அன்றைக்குத் திருவிழா. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இன்று எங்கள் தெரு ஆயாக்கள் முதலில் செய்வது என்ன தெரியுமா? கடைக்கு ஆளனுப்பி நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி வைக்கிறார்கள். பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் 2016-லேயே கேட்பரி சாக்லெட் தொழிற்சாலை திறந்தாச்சு, அதனால் சாக்லெட்டுக்கும் குறைவில்லை. ஐம்பது வருஷம் குழம்பு வைத்த கை, பாக்கெட்டின் பின்னால் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துத் தண்ணீர் அளக்கிறது. பேரனுக்குத் தெலுங்கும் வராது, தமிழும் தகராறு. ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ரெண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே பாஷை ஒரு உருண்டைக் களிதான். அதையும் பிடுங்கி, சப்பைச் சீட்டு ஒன்றை நாமே கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

ஒரு வாரம் நக்கெட்ஸ் தின்றால் குடி முழுகிடுமா என்று கேட்பது புரிகிறது. முழுகாது. ஆனால் அது பிள்ளை ஆசையாய்க் காத்திருந்த வாரம். "உனக்கு இது, எங்களுக்கு அது" என்று அந்த வாரத்தில் சொல்வது பிள்ளைக்கு நன்றாக நினைவில் நிற்கும்.

எல்லாக் குழந்தைக்கும் இதைச் சொல்லவில்லை. உணவின் வாசனையோ பிசுபிசுப்போ தாங்காத பிள்ளைகள் உண்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழகின தட்டு வரமாகவே இருக்கும். வெயிலில் அலைந்து ராத்திரி எட்டு மணிக்கு அழுகிற குழந்தைக்கு எது உள்ளே போகிறதோ அது. அந்தப் பெற்றோரைக் குத்திக்காட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. நான் பேசுவது துணிந்து வாயைத் திறக்கிற பிள்ளையைப் பற்றி.

சரி, என்னதான் பண்ணுவது? கைக்காசு கொடுத்து வாங்கும்போது எந்த வயசும் எந்த அயிட்டமும் கேட்கலாம், எந்த விதியும் இல்லை. பெரியவர் தட்டு இரண்டு வாங்கி நாலு பேர் பகிருங்கள். ஒரு வேளை பஃபேக்குப் போங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜின் போமாவில் ஆப்பிரிக்கச் சாப்பாடு, குழந்தைக் கட்டணம் கட்டினாலும் மொத்த வரிசையும் குழந்தைக்குத் திறந்திருக்கிறது. அதே லாட்ஜில் சனா என்று ஒன்று, நானும் விதவிதமான சட்னியும் தருகிறார்கள். எப்காட்டில் உணவுத் திருவிழா நேரம் என்றால் சின்னச் சின்னத் தட்டுகளாக நாடு நாடாய் வாங்கலாம். திட்டத்தில் ஏற்கனவே மாட்டியாச்சா? நொறுக்குத் தீனிக் கூப்பனை மிட்டாயில் வீணாக்காமல் இந்தத் திருவிழாக் கடைகளில் மாற்றுங்கள். அதில் வயது வித்தியாசம் கிடையாது.

இன்னொன்று. நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் வாசலிலேயே டிபன் டப்பாவைப் பிடுங்கி வைப்பார்கள். டிஸ்னி வேர்ல்டில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம், மது, சூடு பண்ண வேண்டிய பண்டம் கூடாது. புளிசாதம் இந்த மூன்றிலும் சேராது. தங்கமணி கட்டித் தந்த புளிசாதம் ஒரு வேளை, மொராக்கோ ஒரு வேளை. இதைவிட நல்ல மீல் பிளான் யார் போட்டுக் கொடுப்பார்கள்?

வாங்குவதற்கு முன் எத்தனை டாலர் மிச்சம் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் ஏழு வயசைக் கேளுங்கள், என்ன சாப்பிட ஆசை என்று. பதில் அந்தச் சீட்டுக்கு வெளியே இருந்தால், பர்ஸை ஒவ்வொரு வேளையும் திறங்கள். தேய்ந்தா போய்விடும்?

டிஸ்கி: விலையும் விதியும் வருஷா வருஷம் மாறும். பதிவு பண்ணுவதற்கு முந்தின நாள் அவர்கள் விதியை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். கடன் பத்திரத்தில்தான் நம்ம ஆட்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள், சாப்பாட்டிலாவது படியுங்களேன் :-)