டிகிரியை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் துறையில் வேலைக்குச் சேர டிகிரி கட்டாயம் வேண்டுமா? திறமை இருந்தால் போதாதா? நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்று தெரிந்ததும் ப்ளஸ் டூ மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்கு வந்தவன். கடந்த இரண்டு வருடங்களாக எங்கள் நிறுவனத்தில் இன்டர்வியூ எடுப்பவர்களில் ஒருவனாகவும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் பில் கேட்ஸை விட்டுவிடுவோம். "அவர் படிப்பைப் பாதியில் விட்டவர்தானே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். 1975-ல் அவர் விட்டு வந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை. 1968-லேயே அவருடைய பள்ளியில் கம்ப்யூட்டர் டெர்மினல் இருந்தது. வசதியான குடும்பம் வேறு. அவரிடம் இல்லாதது டிகிரி ஒன்றுதான். நம் ஊரில் டிகிரி இல்லாதவரிடம் பெரும்பாலும் இவை எதுவுமே இருப்பதில்லை. எனவே அந்த உதாரணம் நமக்கு உதவாது.

ஏன் டிகிரி கேட்கிறார்கள்?

டாக்டர் தொழில் செய்ய மருத்துவப் படிப்பும் கவுன்சில் பதிவும் வேண்டும். வக்கீலாக 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி சட்டப் படிப்பும் பதிவும் வேண்டும். புரோகிராம் எழுத இப்படி ஒரு சட்டமும் கிடையாது. டிகிரி வேண்டும் என்பது நிறுவனங்கள் தாங்களே வைத்துக்கொண்ட விதி.

காரணம் எளிமையானது. ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூம் வருகிறது. அதை முதலில் பார்ப்பவர் புரோகிராமர் அல்ல. அவரால் ஒருவர் எழுதிய புரோகிராமைப் படித்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. எனவே பி.இ. அல்லது எம்.சி.ஏ., பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்று ஒரு சல்லடை வைக்கிறார்கள். கூட்டத்தைக் குறைக்க இது உதவும். திறமையைக் கண்டுபிடிக்க உதவாது.

அதற்காக என் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். டேட்டாபேஸில் ஒரு தேடல் ஏன் பல விநாடிகள் இழுக்கிறது, இன்டெக்ஸ் போட்டதும் ஏன் சட்டென்று வந்துவிடுகிறது என்பது எனக்குக் கல்லூரிப் பாடத்தில்தான் புரிந்தது. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் இன்றும் வேலைக்கு ஆகின்றன. ஆனால் இந்தப் பாடங்கள் கல்லூரிக்குள் மட்டும் கிடைப்பவை அல்ல. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இதே பாடங்களின் வீடியோக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் டிப்ளமோ மட்டும் முடித்தவர். சப்போர்ட் பிரிவில் சேர்ந்து, சர்வர் லாக் பைல்களைப் படித்துப் படித்தே புரோகிராமிங் கற்றுக்கொண்டார். முன்பு அவர் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது ஆன்லைன் படிவத்தில் படிப்பு என்ற கட்டத்தில் பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. மட்டுமே இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பொய் சொல்ல விருப்பமில்லாமல் மூடிவிட்டார். இன்று அவர் எழுதும் புரோகிராம்களை நான் சரிபார்க்கிறேன், நான் எழுதுவதை அவர் சரிபார்க்கிறார். ஆனால் சப்போர்ட் சம்பளத்திலிருந்து தொடங்கியவர் என்பதால் அவருடைய சம்பளம் இன்னும் என்னைவிடக் குறைவு. ஒரே வேலை, இரண்டு விலை. டிகிரி விதியால் ஏற்படும் நஷ்டம் இதுதான்.

விதியை நீக்கினால் சரியாகிவிடுமா?

இல்லை என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே மேரிலாண்ட் மாநில அரசு 2022-ல் ஆயிரக்கணக்கான வேலைகளுக்கு டிகிரி தேவையில்லை என்று அறிவித்தது. ஐ.பி.எம். போன்ற பெரிய நிறுவனங்களும் அதற்கு முன்பே இந்தப் பாதையில் இறங்கியிருந்தன. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு, 2023-ல் வேலைக்குச் சேர்ந்தவர்களில் 700 பேரில் ஒருவருக்குக்கூட இந்த மாற்றத்தால் புதிதாக வாய்ப்பு கிடைக்கவில்லை என்று சொன்னது. விளம்பரத்தில் வரி போய்விட்டது. தேர்வு செய்பவரின் பழக்கம் போகவில்லை. டிகிரிக்காரரை எடுத்து அவர் சரியில்லாமல் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். டிகிரி இல்லாதவரை எடுத்து அப்படி ஆனால் எடுத்தவரைத்தான் கேட்பார்கள்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. "வீட்டிலிருந்து ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டு வா" என்று சொல்லித் திறமையை அளந்த காலம் ஒன்று இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த அளவுகோல் முறிந்துவிட்டது. அழகான புரோகிராம் கையில் இருப்பதால் மட்டும் அவருக்கு வேலை தெரியும் என்று சொல்ல முடியாது.

எனவே டிகிரி வாசலை உடைத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இன்னொரு வாசலைக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. நம் ஊரிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இன்று ஜோஹோ என்று அழைக்கப்படும் நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தபோதே, 2000-களின் மத்தியில் ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தனிப் பள்ளி தொடங்கியது. கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. எச்.சி.எல். 2017-ல் டெக்பீ திட்டத்தைக் கொண்டு வந்தது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தி, வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கவும் வழி செய்தது. இரண்டிலும் நிறுவனம் தன் நேரத்தையும் பணத்தையும் போடுகிறது. பலன் வருவது அதனால்தான்.

சிறிய நிறுவனங்கள் பள்ளி நடத்த முடியாது. அரை மணி நேரம் ஒதுக்க முடியும். நான் இன்டர்வியூவில் பிழையுள்ள ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்து, எங்கே தவறு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எதிரில் உட்கார வைத்துக் கேட்கிறேன். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, தேடும் முறை தெரிந்துவிடும். டிகிரி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அதே சோதனைதான்.

மாணவர்களுக்கு என்ன சொல்வது?

சீட் கிடைத்து, கடன் கழுத்தை நெரிக்காமல் படிக்க முடிந்தால் டிகிரியை விடாதீர்கள். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு டிகிரியோ அதற்கு ஈடான அனுபவமோ வேண்டும். ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட அனுபவம் என்பது அவர்கள் கணக்கு. அதன்படி நான்கு வருடப் படிப்புக்கு 12 வருடம் ஆகும். டிகிரி கேட்கும் அரசு வேலைகளும் மேற்படிப்பும் இருக்கவே இருக்கின்றன.

படிக்க முடியாமல் போனவர்கள் பத்து சான்றிதழ் கோர்ஸ்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் தெரு மளிகைக் கடையோ டியூஷன் சென்டரோ நிஜமாகவே பயன்படுத்தும் ஒரு புரோகிராம் எழுதுங்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். அதுவரை இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பப் படிவத்தில் "டிப்ளமோ", "மற்றவை" என்று இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படி வருபவர்களில் மாதம் நான்கு பேரையாவது கூப்பிட்டு நேரில் உட்கார வைத்துச் சோதித்துப் பாருங்கள். மாதம் இரண்டு மணி நேரம்தான் ஆகும்.