கூண்டில் நிற்பது யார்?

பணப்பையைப் பறிகொடுத்தவனைப் பார்த்து, "நீ ஒழுக்கமானவன்தானா?" என்று எந்த மன்றமும் கேட்பதில்லை. அவன் மேனியில் காயமில்லை, ஆகவே மனமுவந்து கொடுத்திருப்பான் என்று எவரும் வாதாடுவதில்லை. ஆனால், வன்கொடுமைக்கு ஆளான சிறுமி நீதி கேட்டு வந்தால் மட்டும் வழக்கு தலைகீழாகிறது! கயவன் செய்தது என்ன என்பதன்று, இவள் கற்பு எத்தகையது என்பதே ஆராய்ச்சிப் பொருளாகிறது! 'கற்பழிப்பு' என்றே ஏடுகள் நெடுங்காலம் எழுதின. அழிந்தது அவள் கற்பா, அவன் மனிதத்தன்மையா?

கற்பனையன்று தோழர்களே! 1972இல், மராட்டிய மாநிலத்துத் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திலேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. அவள் வயது 14க்கும் 16க்கும் இடையே என்றார் மருத்துவர். காவலர் இருவரை 1976இல் உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. காரணம்? உடலில் காயமில்லையாம்! கூச்சலிட்டாள் என்பதை நம்புவதற்கில்லையாம்! காக்கிச் சட்டையின் முன் ஏழைச் சிறுமியின் வாயை அச்சமே அடைத்துவிடும் என்பதை அறிய, சட்டப் புலமையா வேண்டும்?

1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் திறந்த மடல் தீட்டினர். பெண்கள் வீதிக்கு வந்து முழங்கினர். 1983இல் சட்டம் திருந்திற்று. காவலரின் பிடியிலிருந்த பெண்ணுடன் உறவு கொண்டது மெய்ப்பிக்கப்பட்டு, 'நான் இணங்கவில்லை' என அவள் கூறினால், மன்றம் அதையே ஏற்றுத் தொடங்க வேண்டும் என்றாயிற்று. எனினும், 'ஒழுக்கங்கெட்டவள்' எனக் காட்டி அவள் சொல்லைத் தகர்க்க இடந்தந்த 1872ஆம் ஆண்டு விதி, ஏறத்தாழ 130 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தே மாண்டது! விரல் சோதனை பெண்ணின் மானத்தைக் குலைப்பது என்று 2013இல் உரைத்த உச்சநீதிமன்றம், 2022இல் மீண்டும் அதைக் கண்டிக்க நேர்ந்தது!

குழந்தைகளைக் காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. 2021 சனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை கூறியது என்ன? 12 வயதுச் சிறுமியை ஆடைமேல் தொட்டது, தோலோடு தோல் படாததால் அச்சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாதாம்! நவம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. ஆம், ஏட்டில் சட்டம் மாறிற்று. பார்க்கும் கண் மாறவில்லை!

'அஞ்சாது உண்மை பேசு' என்று வகுப்பறையில் நாம் கற்பிக்கிறோம். அவ்வாறு பேச வந்தவளை இழிமொழியால் துளைத்து, 'வாய் திறவாதே' என்று மன்றம் கற்பிக்கலாமா?

இளைஞர்களே! போக்சோவின் 33ஆம் பிரிவைப் படியுங்கள். குழந்தையைக் கேட்கும் கேள்விகள் நீதிபதி வாயிலாகவே வரவேண்டும். அவள் ஒழுக்கத்தைத் தூற்றும் கேள்விகளுக்கு இடமில்லை. அவள் நம்பும் உறவினரோ தோழியோ உடனிருக்கலாம். இவை சலுகையல்ல, உரிமை! உங்கள் ஊரில் ஒரு சிறுமி நீதிமன்றப் படிக்கட்டில் தயங்கி நின்றால், இவ்வுரிமையை அவள் வீட்டாருக்கு எடுத்துரையுங்கள், துணை நில்லுங்கள். கூண்டில் நிற்க வேண்டியவன் அவனே, அவளல்ல!