கையின் நிலையும் இரத்த அழுத்தக் கணக்கும்

நம் சங்கங்கள் பலவற்றில் கூட்டுறவு வார விழாவையொட்டி, அதாவது நவம்பர் 14 முதல் 20 வரையிலான நாட்களில், மருத்துவ முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. அங்கத்தினர்கள் வரிசையில் நின்று இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கின்றனர். எழுதித் தரும் இரண்டு எண்களை மடித்து மடியில் செருகிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். போற்றத்தக்க ஏற்பாடுதான். ஆயினும், அவ்வெண்கள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்று ஒருவரும் கேட்பதில்லை. தராசின் முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கும் நம்மவர், தம் உடம்பை அளக்கும்போது மட்டும் வாய் மூடியிருப்பது சரியன்று என்பது நமது அபிப்பிராயம்.

நூல் வாங்கும் நெசவாளருக்கு ஒரு விஷயம் நன்கு தெரியும். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் உலர்ந்த நூலின் எடையோடு நூற்றுக்கு 8.5 பங்கு ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை நூல் வியாபாரத்தில் வகுத்து வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்த கடலை மூட்டையைத் தராசில் ஏற்றினால், தராசு பழுதற்றதாக இருந்தும் எடை பொய்யாகிவிடும். கருவி சரியாயிருந்தால் மட்டும் போதாது. எந்த நிலையில் அளக்கிறோம் என்பதும் அளவின் ஒரு பகுதியே. இரத்த அழுத்தத்திற்கும் இது அப்படியே பொருந்தும்.

காரணம் எளிது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் கீழே இறங்க இறங்க வேகமாகப் பாய்வதை அனைவரும் கண்டிருப்போம். இரத்தமும் எடையுள்ள திரவமே. இருதயத்தின் மட்டத்திற்குக் கீழே தொங்கும் கையில் அழுத்தம் கூடும். மேலே தூக்கிய கையில் குறையும். 10 சென்டிமீட்டர் இறக்கத்திற்கு ஏறக்குறைய 7 முதல் 8 மில்லிமீட்டர் பாதரசம் வரை வேறுபடும். ஆகவே மேற்கையில் கட்டிய பட்டையின் நடுப்பகுதி மார்பெலும்பின் நடுமட்டத்தில் இருக்கவேண்டும். உள்ளங்கை எங்கே இருக்கிறது என்பது கேள்வியன்று. பட்டை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. கையைத் தாங்க ஏதேனும் இருக்கவும் வேண்டும். தாங்கலின்றி நீட்டிப் பிடித்தால் தசை இறுகி, அதனாலும் எண் உயரும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 133 பேரைக் கொண்டு செய்த சோதனை 2024இல் வெளிவந்தது. கையை மேஜைமீது தாங்கி எடுத்த அளவோடு மற்ற நிலைகளை ஒப்பிட்டனர். கையை மடியில் வைத்தபோது மேல் அளவு 3.9, கீழ் அளவு 4.0 கூடுதலாகக் காட்டிற்று. பக்கத்தில் தொங்கவிட்டபோது மேல் அளவில் 6.5, கீழ் அளவில் 4.4 கூடிற்று. 140க்கு 90 என்னும் எல்லைக்கோட்டை நினைவிற் கொள்க. உண்மையில் 135 உள்ளவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு 141 என்று எழுதி வாங்கி, அன்றிலிருந்து தம்மை நோயாளி என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு.

ஐந்தாறு மில்லிமீட்டருக்கு இத்தனை நுணுக்கமா என்று கேட்போர் உளர். 180 உள்ளவருக்கு இது பெரிய வேற்றுமையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். எல்லைக்கோட்டின் அருகே நிற்பவருக்கு இது பல ஆண்டுகள் மாத்திரை உண்பதா, வேண்டாமா என்னும் வழக்கு. அவர்தாம் நம் முகாம்களில் மிகுதியாக வருகிறவர். இதனைப் படித்துவிட்டு, உண்டுவரும் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம். சரியான முறையில் மறுபடி அளந்து, வைத்தியரிடம் காட்டிய பின்பே எதுவும்.

பட்டையைக் கட்டுமிடமும் முக்கியம். முழங்கை மடிப்புக்கு மேலே இரண்டு விரற்கடை விட்டு, துணியில்லாத கையில் கட்டவேண்டும். உள்ளேயிருக்கும் ரப்பர் பையின் நடுப்பகுதி, மேற்கையின் உட்புறம் ஓடும் நாடியின்மேல் அமையவேண்டும். சட்டைக் கையை இறுகச் சுருட்டிவிட்டு அதன் கீழே கட்டுவதும் தவறு. சுருட்டிய துணியே ஒரு கட்டாகிவிடும். மணிக்கட்டில் கட்டும் சிறு கருவிகள் கடைகளில் மலிந்துவிட்டன. இருதயத்தைவிட்டு விலகிச் செல்லச் செல்ல நாடித்துடிப்பின் உருவம் மாறி மேல் அளவு பொதுவாக உயரும் இயல்புடையது. மணிக்கட்டோ எளிதில் மடிக்கு இறங்கிவிடும். மேற்கைக் கருவி கிடைக்குமிடத்தில் அதையே நம்புவது நலம்.

பட்டையின் அளவைப் பற்றிய பாடம் பழையது. இத்தாலியின் டூரின் நகரில் ரிவா-ரோச்சி என்னும் வைத்தியர் 1896இல் கைப்பட்டைக் கருவியை வெளியிட்டார். அவருடைய பட்டை மிகக் குறுகலானது. குறுகிய பட்டை மிகையாகக் காட்டும் என்று 1901இல் ரெக்ளிங்ஹாசன் எடுத்துக்காட்டினார். 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரே பட்டையை ஊரார் அனைவர் கையிலும் சுற்றும் வழக்கம் போகவில்லை. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, மிகப் பெரிய பட்டை வேண்டியவர்களுக்கு நடுத்தரப் பட்டையைக் கட்டியதில் மேல் அளவு சராசரி 19.5 மில்லிமீட்டர் மிகையாக வந்தது. நமக்கோ மறுபக்கத்தைப் பற்றிய கவலையே அதிகம். அதே ஆய்வில், சிறு பட்டை வேண்டிய மெலிந்த கையினருக்கு நடுத்தரப் பட்டை 3.6 குறைத்துக் காட்டிற்று. மெலிந்த கைகள் நம் தறிக்கூடங்களில் எத்தனை! அவர்களிடம் உள்ள அழுத்தம் ஏட்டில் ஏறாமலே போய்விடலாம்.

முதன்முறை பார்க்கும்போது இரண்டு கைகளிலும் பார்க்கவேண்டும். எந்தக் கையில் எண் அதிகமோ அக்கையிலேயே பின்னர் எப்போதும் பார்த்துவர வேண்டும். இரு கைகளுக்குமிடையே 10க்கு மேல் வேற்றுமை தொடர்ந்து காணப்பட்டால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட வேற்றுமைக்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்புண்டு என்று 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கின்றனர். சிறுநீரக நோய்க்காக இரத்தச் சுத்திகரிப்புக் குழாய் இணைப்புச் செய்த கையிலும், மார்பில் புற்றுநோய் அறுவை நடந்த பக்கத்துக் கையிலும் கட்டலாகாது.

தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் முகாம் நடக்கக் கண்டோம். சங்கத்தின் ஒரே நல்ல மேஜைமீது பேரேடுகளும் வவுச்சர்களும் பரப்பியிருந்தன. நமக்காகத்தான் என்பதையும் சொல்லவேண்டும். அங்கத்தினர்கள் திண்ணையில் அமர்ந்து மடியில் கை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தனர். குழித்தறியில் மிதித்துவிட்டு எழுந்து வந்த ஒருவர், அமர்ந்த நொடியிலேயே கையை நீட்டினார். செவிலியரை நாம் குறை கூறோம். ஒரு பட்டையோடு ஊர் முழுவதையும் பார்க்க வந்தவர் அவர். மேஜை தரவேண்டியது சங்கத்தின் கடமை.

ஆகவே நிர்வாகக் கமிட்டிகளுக்கு நாம் கூறுவது இது. பொதுநலத்திற்கென ஒதுக்கும் தொகையில் புதிய கருவி வாங்குமுன், சாய்மானமுள்ள நாற்காலி ஒன்று, மேஜை ஒன்று, சிறிதும் பெரிதுமாகப் பட்டைகள் ஆகியவற்றை வாங்குங்கள். வந்தவர் 5 நிமிடம் பேசாது அமர ஒரு பெஞ்சு போடுங்கள். முகாம்ப் பதிவேட்டில் எண்களுக்கு அருகே வலக்கையா, இடக்கையா என்று எழுத ஒரு பத்தி கோடுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி வீட்டிற்கே வந்து அளப்போரிடம் மேஜை இராது. அவ்விடத்தில் முக்காலிமீது மடித்த போர்வையை வைத்து, பட்டை மார்பின் மட்டத்திற்கு வரும்வரை உயர்த்திக்கொண்டால் போதும். அதற்குச் செலவு ஏதுமில்லை.