தோலுக்கு வந்தவன்

வேலூர்ப் பாலாற்றங்கரையிலே ஒரு முத்து மண்டபம் உண்டு. கண்டியை ஆண்ட கடைசி மன்னன் விக்கிரம ராசசிங்கனின் கல்லறை அங்கே இருக்கிறது. கடல் கடந்த நாட்டு மன்னனுக்கு இங்கே கல்லறை ஏன்? வல்லரசுகள் காட்டும் பரிவின் உட்பொருளை அறிய விரும்புவோர் அந்தக் கல்லைக் கேட்கட்டும்!

மன்னன் கொடுங்கோலன்தான். தன்னை எதிர்த்த எகலப்பொலையின் மனைவி மக்களையே கொல்வித்தவன். கொதித்தனர் கண்டியின் பிரதானிகள். கொழும்பிலே கொலுவிருந்த ஆங்கிலேயனின் துணையை நாடினர். கொடுமையிலிருந்து மக்களை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தது படை. 1815 மார்ச் 2இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மன்னன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டான். 1832இல் இங்கேயே மாண்டான்.

மீட்க வந்தவன் வேலை முடிந்ததென்று வீடு திரும்பினானா? இல்லை! 1817இல் ஊவாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அக்கிளர்ச்சி நெருப்பாலும் வாளாலும் நசுக்கப்பட்டது. படைக்குத் துணைநின்ற எகலப்பொலை என்ன ஆனான்? மொரீசியசுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே உயிர்விட்டான். எதிர்த்தவனுக்கு வேலூர், வரவேற்றவனுக்கு மொரீசியசு! வல்லரசு வழங்கிய பரிசு இதுதான்.

வெள்ளையன் செய்த வஞ்சகம் அது, நம்மவர் அப்படிச் செய்வரோ என்பீர்கள். 1983 ஜூலைப் படுகொலை கண்டு நெஞ்சம் பதைத்த நம்மவர் பலர், "படையை அனுப்பு" என்று மேடைதோறும் முழங்கினர். படையும் போயிற்று, 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் பேரில் போயிற்று. யாழ்ப்பாணத்திலே மாலையிட்டு வரவேற்றனர் மக்கள். மாலை வாடி மூன்று மாதம் ஆகவில்லை. அதே தெருக்களில் பீரங்கி முழங்கிற்று. அக்டோபர் 21இல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளே மருத்துவரும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். தெற்கே, அன்னியப் படை நுழைந்ததென்று சிங்கள இளைஞர் கிளர்ந்தனர். கொழும்பு அரசோ, தன் பகைவரான புலிகளுக்கே ஆயுதம் கொடுத்து இந்தியப் படையோடு மோதவிட்டது! 1990 மார்ச் 24இல் கடைசி அணி திரும்பியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டிருந்தனர். தமிழனுக்கு உரிமையும் வரவில்லை, அமைதியும் வரவில்லை.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் ஊர்கள் நம்மிடையே உண்டு. "எதற்காகப் போனான் என் மகன்?" என்று அங்கே ஒரு தாய் கேட்டால், ஆணையிட்டவர் என்ன விடை கூறுவர்?

1971இல் வங்கம் விடுதலை பெறவில்லையா என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. அங்கே 1970 தேர்தலில் மக்கள் தம் தலைமையைத் தாமே தேர்ந்திருந்தனர். போராட்டமும் அவர்களுடையதாக இருந்தது. போர் முடிந்து மூன்றே மாதத்தில், 1972 மார்ச்சில், இந்தியப் படை வெளியேறிற்று. எந்த மக்கள் அழைத்தனர், எந்தப் பணிக்கு, என்று திரும்புவது? இம்மூன்றுக்கும் விடையின்றி நுழையும் படை விருந்தாளி ஆகாது. 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்த சோவியத்தும், 2003இல் ஈராக்குக்குள் புகுந்த அமெரிக்காவும் உலகுக்குத் தந்த பாடம் இதுவே.

கல்கி அவதாரம் வந்து கலியைத் தீர்க்கும் என்று காத்திருப்பவனைக் கண்டு நகைக்கிறோம். வல்லரசு வானூர்தியில் வந்து நம் துயர் தீர்க்கும் என்று காத்திருப்பது மட்டும் பகுத்தறிவோ? குதிரைக்குப் பதில் பீரங்கி வண்டி, மூடநம்பிக்கை ஒன்றே!

துன்புறுவோருக்கு உணவு அனுப்புவோம். அகதிக்கு வாசல் திறப்போம். கொடுமையை உலக மன்றத்திலே கூவி உரைப்போம். ஆனால் ஒரு மக்களின் விடுதலையை அன்னியன் துப்பாக்கியிடம் அடகுவைக்கச் சொல்லோம்.

ஆம்பூர்த் தோல் தொழிலாளியைக் கேளுங்கள், தோழர்களே! தோலுக்கு விலைபேச வந்தவன், ஆட்டின் நலம் விசாரித்ததை அவன் என்றேனும் கண்டதுண்டா?