மலையும் துறைமுகமும்

துறைமுகத்தின் பெருமை முழுவதும் கடலால் வருவது என்று எண்ணுவோர் பலர். கடல் வழியைத் தரும். வாழ்வைத் தருவது துறைக்குப் பின்னே விளங்கும் நாடேயாகும். இவ்வுண்மைக்குச் சவ்வாது மலையும் சதுரங்கப்பட்டினமும் சான்றாக நிற்கின்றன.

சவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு, செங்கத்தின் வழியே ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அப்பாலாறு சதுரங்கப்பட்டினத்திற்குச் சற்றுத் தெற்கே, வயலூரை அடுத்துக் கடல் புகுகிறது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில் சேயாற்றின் சிறப்பைக் காணலாம். ஆறு இணைத்த மலையையும் துறையையும் அரசும் இணைத்தது. மலையடிவாரத்துப் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர் சம்புவராயர். 14ஆம் நூற்றாண்டில் அம்மரபில் விளங்கிய இராசநாராயணன் பெயரால், அத்துறை இராசநாராயணன் பட்டினம் என வழங்கலாயிற்று. மலையடியில் வீற்றிருந்த மன்னன் பெயரைக் கடற்கரை ஊர் தாங்கி நின்றது!

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கே வாணிகம் நடத்திக் கோட்டையும் கட்டினர். தமிழ் நெசவாளர் நெய்த மெல்லிய துணிகள் கப்பலேறின. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1818இல் திருப்பிக் கொடுத்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் மீண்டும் பெற்றனர். வாணிகம் சென்னையிற் குவிந்தது. ஆலைத்துணி பெருகிக் கைத்தறியை நலிவித்தது. கடல் வற்றவில்லை, துறை ஓய்ந்தது. இன்று சிதைந்த மதில்களும், கிடங்குகளும், ஒல்லாந்தர் கல்லறைகளுமே பழங்கதை கூறுகின்றன.

அவ்வூர் வரலாற்றை உரைப்போர் பலர் கோட்டையோடு நின்றுவிடுகின்றனர். வேரை மறந்து கிளையைப் புகழ்வது போன்றதே அது. தறியில் அமர்ந்தவனும், ஏர் பிடித்தவனும், இருவருக்கும் நீர் அனுப்பிய மலையும் இல்லையேல் கப்பலுக்கு ஏது சரக்கு?

இக்கேள்வி பழங்காலத்தோடு முடிவதன்று. சவ்வாது மலையின் சந்தன மரங்கள் களவு வெட்டினால் அருகிவிட்டன. சேயாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கிறது. காடு மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகிறது. காடழிந்தால் வெள்ளம் ஒருநாள் ஓடும், வறட்சி பலநாள் நிற்கும். ஆகவே, மலையில் சாமை விளைத்தும் தேன் எடுத்தும் வாழும் பழங்குடி மக்களைக் காட்டின் காவலராகப் போற்றுதல் வேண்டும். அவர்தம் வாழ்வு செழித்தால் காடும் செழிக்கும்.

இடிந்த கோட்டையைக் காப்பது நன்று. இருக்கும் மலையைக் காப்பது அதனினும் நன்று. கோட்டையை மீண்டும் கட்டலாம். மலைக்காட்டைக் கட்ட வல்ல கொத்தன் எவனும் இலன்.