ஒயின் ஷாப்புல ஒயினைத் தவிர எல்லாம் இருக்கு

நம்ம ஊர்ல கடைக்குப் பேரு மட்டும்தாங்க ஒயின் ஷாப். 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கிட்ட பிறகும் அந்தப் பேரு போகலை. உள்ளே எட்டிப் பார்த்தா பிராந்தி, ரம், பீர்தான் வரிசையா நிக்கும். :-)

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்னு வெள்ளைக்காரன் புத்தகம் புத்தகமா எழுதி வச்சிருக்கான். சீமான் வீட்டு சமாச்சாரம் மாதிரி தெரியும், விஷயம் ரொம்ப எளிசு. சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடு சேர்ந்து புளிக்குது, அதனால துவர்க்கும். கல்வராயன் மலைக் கடுக்காயைக் கடிச்சவங்களுக்கு அந்தத் துவர்ப்பு புதுசில்லை. கொழுப்புள்ள கறியோட அது பொருந்தும். வெள்ளை ஒயின்ல புளிப்பு தூக்கல். வறுத்த மீன்ல எலுமிச்சை பிழியறோமே, அதே கணக்கு. நம்ம காரக்குழம்புக்குத் துவர்ப்பு ஆகாது, எரிச்சல் கூடும். லேசா இனிப்புள்ள வெள்ளை ஒயின்தான் சரி.

நம்மகிட்டயும் ஜோடி சேர்க்கிற பழக்கம் இருக்கேன்னு கேட்பீங்க. டச்சிங்ஸ்! ஊறுகாய், சுண்டல், ஆம்லெட். ஆனா அதோட வேலையே வேற. 42.8 சதவீத சரக்கை ஒரே மடக்குல இறக்கிட்டு, அந்த நாத்தத்தை மறைக்க ஊறுகாயை நக்கறோம். அங்கே ருசிக்காக சாப்பாடு, இங்கே ருசியைக் கொல்ல சாப்பாடு.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு தள்ளிட முடியலை. ருசியே வேணாம், ஏறினா போதும்னு ஆயிட்டா, குறைஞ்ச காசுல எது சீக்கிரம் ஏத்துதோ அதுதான் ஜெயிக்கும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல நடந்தது அதுதான். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். 65 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் கூலி வேலைக்குப் போறவங்க. மெத்தனாலை நாக்கு பிரிச்சுச் சொல்லாது. உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பைத் தாக்கும், அப்புறம் உயிரை.

அதுக்கப்புறம் சட்டத்தைக் கடுமையாக்கினாங்க. மலையில ஊறலைக் கண்டுபிடிச்சு அழிக்கிறதும் நடக்குது. செய்ய வேண்டியதுதான். ஆனா குடிக்கிறவன் எப்படிக் குடிக்கிறான்னு யாரும் பேசறதில்லை.

கூலிக்காரன் கையில ஒயின் கிளாஸைக் கொடுன்னு நான் சொல்லலை, கட்டுப்படியாகாது. பக்கத்துல கேரளாவைப் பாருங்க. கள்ளுக்கடைன்னா கப்பையும் மீன்கறியும் சேர்ந்ததுதான். லேசான இனிப்பு, புளிப்பு, போதை கம்மி. எரியற குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான ஒயின் ஏது? நம்ம மாநிலத்துல 1987லேர்ந்து கள்ளுக்குத் தடை. பிராந்திக்கு அரசாங்கமே கடை நடத்துது.

கள்ளுலயும் கலப்படம் வருமேன்னு பயப்படறது நியாயம். அதுக்குக் கண்காணிப்பு வேணும். மரத்துக்கு உரிமம், அன்னன்னிக்கு இறக்கினதை அன்னிக்கே விக்கணும், சாப்பாடு இல்லாத கடைக்கு அனுமதி கிடையாது. இப்படி ஆரம்பிச்சுப் பார்க்கலாம். வெறும் வயித்துல குடிக்கிறதுக்கு அரசாங்கம் கடை வச்சிருக்கிறப்போ, சோத்தோட குடிக்கிறதுக்கு மட்டும் தடை ஏன்னு எனக்குப் புரியலை.

டிஸ்கி: குடிக்காதவங்க இதைப் படிச்சிட்டு ஆரம்பிச்சிடாதீங்க. மீன்குழம்புக்கு மோரும் நல்லாத்தான் இருக்கும்.