ப்ராசஸரைத் திட்டாதீங்க மக்களே!

"எக்ஸ்86-ல் ஓடுது, ஏஆர்எம்-ல் பில்ட் ஆகலை, ஏஆர்எம் சரியில்லை." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதைதான்.

லிங்கர் "லைப்ரரியைக் காணோம்" என்றதும் பாதையை மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது! "பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்" என்று லிங்கர் முந்தைய வரியிலேயே சொல்லிவிட்டது, யாரும் படிப்பதில்லை.

ஸ்டாடிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்களின் மூட்டை. 'மேக்' ஃபைலின் நேரத்தைத்தான் பார்க்கும், எந்த ப்ராசஸருக்குக் கம்பைல் ஆனது என்று பார்க்காது. பழைய எக்ஸ்86 ஆப்ஜெக்ட் கிடந்தால் அதையே மூட்டைக்குள் விட்டுவிடும். 'மேக் க்ளீன்' அடித்து, மறுபடி பில்ட் செய்து, 'ரீட்எல்ஃப்' காட்டும் மெஷின் வரியைப் பாருங்கள். ஆர்க்கிடெக்சருக்கு ஒரு பில்ட் ஃபோல்டர் வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இது புதுசும் இல்லை. 'எஃப்பிக்' ஆப்ஷன் போடாத ஸ்டாடிக் லைப்ரரியை ஷேர்டு லைப்ரரிக்குள் இணைத்தால் 32 பிட் எக்ஸ்86 லினக்ஸ் பொறுத்துக்கொண்டது. 2003-ல் ஏஎம்டியின் 64 பிட் ப்ராசஸர் வந்ததும் லிங்கர் மறுத்தது. "எஃப்பிக் போட்டு மறுபடி கம்பைல் செய்" என்று மருந்தையும் அதுவே சொன்னது.

பழைய ப்ராசஸர் நம் தப்பை மூடி மறைத்தது, புதுசு காட்டிக்கொடுக்கிறது. சோம்பல்பட்டு "ஏஆர்எம்-ல் ஓடாது" என்று ரீட்மீயில் எழுதினால், ராஸ்பெர்ரி பை மட்டுமே வாங்க முடிந்த பையனுக்கு நம் மென்பொருள் கிடையாது. அந்த ஒரு வரியை எழுதும் முன் எர்ரரை முதல் வரியிலிருந்து படியுங்கள், சாமி!